விதைக்கு விட்ட உங்களுக்கு நன்றி

நம் கூட்டுறவு விதைக் குழுவின் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பட்டத்துக்கான விதைப் பகிர்வு முடிந்தது. கேட்டவர்கள் எல்லோருக்கும் விதை போய்ச் சேர்ந்துவிட்டது. வளர்த்தவர்களுக்கு நன்றி சொல்வதற்கு முன்பு, ஒன்றும் விதைக்காமலே உதவியவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பரங்கி விதைக்கு ஒருவர் நிலம் ஒதுக்கினால் அக்கம்பக்கமும் ஒத்துழைத்தாக வேண்டும். தேனீ வரப்பு பார்த்துப் பறக்காது. 500 மீட்டர் தள்ளி வேறு ரகம் பூத்திருந்தாலும் அந்த மகரந்தம் வந்து சேர்ந்துவிடக்கூடும். கலப்பு ஏற்பட்டது அந்த ஆண்டுக் காயில் தெரியாது. அடுத்த பட்டத்தில் அந்த விதையை நம்பிப் போட்டவருடைய நிலத்தில்தான் தெரியும். அதற்காகவே உங்களில் பலர் விருப்பமான ரகத்தை இந்த முறை போடாமல் விட்டீர்கள். விட்டுக்கொடுத்த அந்த விளைச்சலுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. இனி விதைப் பொட்டலத்தில் வளர்த்தவர் பெயரோடு உங்கள் பெயரையும் எழுதப் போகிறோம்.

அக்கம்பக்கத்தில் வேறு ரகம் இருந்தே தீரும் என்ற நிலையில், மாலையிலேயே மொட்டுகளைக் கட்டிவைத்து, விடிந்ததும் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மறுபடி கட்டி, பிஞ்சுக் காம்பில் அடையாள நூல் சுற்றியவர்களுக்கு நன்றி. பூக்கும் காலம் முழுக்க அந்த வேலை ஓயாது.

வெண்டையை விதைக்கு விட்டவர்களே, காய் முற்ற முற்றச் செடி புதிதாகக் காய்ப்பது குறையும் என்று தெரிந்துதான் விட்டீர்கள். அதுவும் கடைசியில் மிஞ்சியதை விடாமல், நோயில்லாமல் செழித்து நின்ற செடிகளாகப் பார்த்து விட்டீர்கள். தக்காளிச் சதையைப் புளிக்கவைத்து, அலசி, நிழலில் உலர்த்திக் கொடுத்த கைகளுக்கும் நன்றி.

ஒருவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தான் வளர்த்த வெங்காய விதையில் 100 எடுத்து, ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பார்த்து, "பாதிகூட முளைக்கல, யாருக்கும் குடுக்காதீங்க" என்று அவரே தடுத்துவிட்டார். வெங்காய விதை சீக்கிரம் முளைப்புத்திறன் இழக்கும். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் எத்தனையோ பேருடைய நாற்றங்கால் வெறுமையாகக் கிடந்திருக்கும். அவர் தந்த வேறு எந்த விதையையும் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

விதை பெற்றவர்கள், விளைந்ததும் திருப்பித் தரும்போது பூத்த காலத்தையும், மாறுபட்டுத் தெரிந்த செடிகளையும் குறித்து அனுப்புங்கள். வெங்காயத்துக்குப் புதிதாக வளர்ப்பவர்கள் தேவை. முன்வருகிறவர்கள் நடவுக்கு முன்பே சொன்னால், அக்கம்பக்கத்தில் பேசி வைக்க நேரம் கிடைக்கும்.

அன்புடன்,
விதைப் பகிர்வுப் பொறுப்பாளர்