பெயர்ப்பலகை இருக்கட்டும், துணியையும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவையில் ஓர் ஆடை நிறுவனம் நவீன ஓவிய, சிற்பக் கண்காட்சிக்குப் பணம் கொடுத்திருப்பதைப் பாராட்டிச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தீர்கள். பாராட்ட வேண்டியதுதான். நானும் போய்ப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் மில்லில் சைசிங் பிரிவில் இருந்தவன் நான். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுப் பிழைத்தவன். ஓவியத்துக்கும் எனக்கும் தூரம். கவின்கலைக் கல்லூரியில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்திதான் இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே நுழைந்ததும், கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரு துணி தொங்கியது. பாதிக்கு மேல் அவுரி நீலம். கீழே சாயம் படாத வெறும் காடா. வந்தவர்கள் எல்லாரும் நீலத்தைப் பார்த்தார்கள். என் கண் கீழே போய்விட்டது. விளிம்பிலிருந்து ஒரு சாண் மேலே, குறுக்கே ஓடும் ஊடை நூல் இரண்டு இழை விடுபட்டிருந்தது. துணியின் அகலம் முழுக்க மயிரிழைக் கோடு. பின்னாலிருந்த விளக்கின் வெளிச்சம் அதன் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. எங்கள் மில்லாக இருந்தால் அந்தப் பீஸைத் தனியே எடுத்து வைத்துத் தறிக்காரரைக் கூப்பிட்டு விட்டிருப்பார்கள். இங்கே அது அழகாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். கஞ்சி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க விரலை நீட்டினேன். காவலாளி ஓடி வந்தார். "ஐயா, தொடக் கூடாது."

துணியைத் தொடாமல் எப்படிப் பார்ப்பது? பேத்தியிடம் கேட்டேன். "அப்புச்சி, மெதுவாகப் பேசுங்கள்" என்றாள்.

பக்கத்துச் சுவரில் ஒரு சிறிய அட்டை. கலைஞரின் பெயர், ஆண்டு, 'பருத்தி, அவுரி'. அவ்வளவுதான். வாசலில் நிறுவனத்தின் பெயர் ஆள் உயரத்துக்கு இருந்தது. அந்தத் துணி அவர்களுடைய தறியில் நெய்ததா, சோமனூர் விசைத்தறியில் வாங்கியதா, எத்தனையாம் நம்பர் நூல் என்று வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். பாவம், அவருக்குத் தெரியவில்லை. துணி விற்கும் நிறுவனம் நடத்தும் கண்காட்சியில் துணியைப் பற்றிச் சொல்ல ஆளில்லை என்பதுதான் என் குறை.

1987இல் எங்கள் மில் என்னைப் பயிற்சிக்காக அகமதாபாத் அனுப்பியது. ஒரு நாள் ஷாஹிபாக்கில் காலிகோ துணி அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில்லைச் சார்ந்து 1949இல் தொடங்கியது அது. அன்று பழைய துணிகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். அந்தக் குடும்பம் நவீனக் கலைஞர்களுக்கும் வீட்டைத் திறந்துவிட்டிருந்தது என்பது பேத்தி சொல்லித்தான் தெரியும். 1955இல் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரை கீரா சாராபாய் அழைத்திருக்கிறார். இந்தியாவைச் சுற்றிக் காட்டுங்கள், பதிலுக்குச் சிற்பம் செய்து தருகிறேன் என்பது பேச்சு. அவர் வந்து தங்கி அங்கேயே கம்பியையும் தகட்டையும் வளைத்திருக்கிறார். 1975இல் அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌஷன்பர்க் வந்தார். அவர் ஊருக்குத் திரும்பியபின் செய்த 'ஜாமர்ஸ்' வரிசை முழுக்கத் துணிதான்; தைத்த பட்டும் பருத்தியும் பிரம்பில் தொங்கும்.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. காந்தி ஆசிரமத்துக் காகித ஆலையில் ரௌஷன்பர்க் ஒரு சேறு குழைத்திருக்கிறார். அதில் போட்டவற்றைப் பேத்தி வாசித்தாள்: காகிதக் கூழ், வெந்தயப் பொடி, புளியங்கொட்டை மாவு, சாக்பீஸ் பொடி, பிசின், மயில்துத்தம். "இரு, மறுபடி படி" என்றேன். புளியங்கொட்டை மாவு நாங்கள் கஞ்சியில் போட்டது. கஞ்சி பூஞ்சணம் பிடிக்காமலிருக்க ஒரு துளி மயில்துத்தம் விடுவதும் பழைய மேஸ்திரிகளின் பழக்கம். அமெரிக்காவிலிருந்து வந்த ஓவியர் கலக்கியதில் இரண்டு எங்கள் தொட்டியில் கொதித்த சரக்கு! அவர் கையை நனைத்ததற்குக் காரணம், அந்த ஊரில் யாரோ அவரை வேலை நடக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதுதான். காசோலையால் மட்டும் அது நடந்திருக்காது.

முதலாளி புராணம் பாடுவதாக நினைக்க வேண்டாம். 1918இல் அதே அகமதாபாத்தில் மில் தொழிலாளர்கள் 35 சதவீதக் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகள் பக்கம் நின்றவர் காலிகோ மில் முதலாளி அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய அக்கா அனசூயா. காந்தி உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் தகராறு தீர்ந்தது. காலிகோ மில்லும் பின்னாளில் மூடிப்போனது. அருங்காட்சியகம் இருக்கிறது, தறி இல்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இதை எப்படிப் பார்ப்பார்களோ!

நம் பக்கத்தில் கதை தலைகீழ். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது எந்த மில்லும் அவர்களைத் தாங்கவில்லை. மெழுகு வைத்துச் சாயம் ஏற்றி பாத்திக் துணி விற்றார்கள். அந்தக் காசில் நிலம் வாங்கினார்கள். அங்கே ஓவியத்துக்குச் சோறு போட்டது துணி. கோவையிலும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் கஸ்தூரி சீனிவாசன் பெயரில் அவிநாசி சாலையில் ஓவியக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எத்தனை கோவைக்காரர்கள் உள்ளே போயிருக்கிறோம் என்று கேட்காதீர்கள். நானே ஓய்வுபெற்ற பிறகுதான் போனேன்.

ஆகவே, கண்காட்சிக்குப் பணம் தரும் நிறுவனத்தாருக்கு உங்கள் வழியாக ஒரு விண்ணப்பம். பணத்தோடு காடா துணியையும் கொடுங்கள். ஓவியர்களைப் பதினைந்து நாள் சாயப் பட்டறைக்கும் சைசிங் தொட்டிப் பக்கமும் விடுங்கள். சூடு தாங்காமல் இரண்டு பேர் ஓடிப்போனாலும் மற்றவர்கள் தங்குவார்கள். அந்த அட்டையில் நூலின் நம்பரையும், நெய்தவர், சாயம் ஏற்றியவர் பெயரையும் எழுதுங்கள். இடம் போதவில்லை என்றால் வாசல் எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம். ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளர்களுக்காக ஒரு நாளாவது இரவு ஒன்பது மணி வரை திறந்து வையுங்கள். இப்போது மாலை ஆறு மணிக்கே விளக்கை அணைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, அந்தக் கலைஞர் இதைப் படித்தால்: ஊடை விடுபட்ட அந்த இடம் நீங்கள் கேட்டு வாங்கியதா, தறியில் தானாக நேர்ந்ததா? பேத்தி முதலாவது என்கிறாள், நான் இரண்டாவது என்கிறேன். ஒரு மசால் தோசை பந்தயம் நிற்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சைசிங் மேஸ்திரி,
சிங்காநல்லூர், கோவை.