வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை

சுங்கை சிப்புட்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டறை வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து உன் அம்மாவும் நானும் பார்த்தோம். நீளம் 40 அடி, அகலம் 30 அடி, மூன்று கார்கள், காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் இரண்டு, மூலையில் குளிர்சாதன வசதியோடு ஓர் அறை. "அந்த அறையில் நாம் இருவரும் குடியேறிவிடலாம், வீட்டை இவளுடைய காடிகளுக்குக் கொடுத்துவிடலாம்" என்றாள் உன் அம்மா. கோபத்தில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பட்டறை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அம்மா. தோட்டத்துப் பட்டறையில் டிராக்டருக்கும் லோரிக்கும் அடியில் படுத்தே வயதைக் கழித்தவன் நான். பினாங்கில், பாயான் லெப்பாஸ் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், காவலாளி வருகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நீ கார்புரேட்டரைக் கழற்றுவது எனக்கு மட்டும் பிடிக்குமா? பின்னால் இடம் சும்மாதான் கிடக்கிறது. கட்டு. ஆனால் பணத்தை எந்த வரிசையில் போடுவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிறகு மாற்ற முடியாதவை எவையோ அவற்றுக்குத்தான் முதல் காசு: தரை, உயரம், தூண்கள் நிற்கும் இடம். சுவர், அலமாரி, கம்ப்ரஸர், லிஃப்ட் எல்லாம் தங்கள் முறைக்குக் காத்திருக்கட்டும்.

முதலில் அளவு. நீ காலியிடத்தை அளந்து, அது எவ்வளவோ அவ்வளவுக்கும் கோடு போட்டிருக்கிறாய். காரிலிருந்து தொடங்க வேண்டும். முன்வாசலில் நிற்கும் நம் சாகா காரின் கதவுகள், பானட், பூட் எல்லாவற்றையும் திறந்து வைத்து நாடா பிடித்தேன். கதவுகள் மூடியிருந்தால் அகலம் ஐந்தரை அடிக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் திறந்தால் 11 அடி கேட்கிறது. சுவரோரம் 2 அடி ஆழத்தில் ஒரு வேலை மேசை, அதற்கும் கதவுக்கும் நடுவில் ஆள் திரும்ப இடம் என்று சேர்த்தால் 14 அடி. நீளத்துக்கு வா. கார் ஏறத்தாழ 14 அடி. இஞ்சினைத் தூக்கி வெளியே இழுக்கும் கிரேனுக்கு முன்னால் 6 அடியாவது வேண்டும். அதன் கால்கள் காருக்கடியில் நுழைந்தாலும், பின்னுக்கு இழுத்துத் திருப்பும்போதுதான் இடத்தின் அருமை தெரியும். பின்புறம் 4 அடி. ஆக 24. வேலை நடக்காமல் ஓய்ந்து நிற்கும் உன் பழைய டட்சன் 120 ஒய் காருக்கு 8 அடி அகலம் தாராளம்.

அப்படியானால் 22க்கு 24. 528 சதுர அடி. நீ வரைந்திருப்பது 1,200. மூன்றாவது கார் இன்னும் வாங்கப்படவே இல்லை; பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயர் வைத்த கதையாக அதற்குக் கூரை போடாதே. ரம்புத்தான் மரத்தின் பக்கம் சுவர் எழுப்பாமல் விட்டு, அந்த வரிசைத் தூண்களை மட்டும் சற்றுக் கனமாக நிறுத்தினால், அந்தக் கார் வருகிற காலத்தில் கூரையை நீட்டிக்கொள்ளலாம்.

உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சாகா நான்கரை அடி உயரம். இரட்டைத் தூண் லிஃப்டில் நீ நிமிர்ந்து நின்று வேலை செய்ய வேண்டுமானால் கார் 6 அடி மேலே போக வேண்டும். இரண்டும் சேர்ந்து பத்தரை. விளக்குக்கும் லிஃப்டின் மேல்சட்டத்துக்கும் இடம் விட்டால் 12 அடி. உன் வரைபடத்தில் கூரையின் தாழ்ந்த விளிம்பு 9 அடியில் நிற்கிறது, லிஃப்டையும் அந்தப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாய். தூண்களை இன்று 3 அடி கூட்டுவது சில இரும்புக் குழாய்களின் செலவு. நாளைக்குக் கூட்டுவதென்றால் கூரையையே பிரிக்க வேண்டும். லிஃப்டை இப்போது வாங்காதே. நல்ல தரை ஜாக்கி ஒன்றும் நான்கு ஸ்டாண்டுகளும் உனக்கு இன்னும் பல காலத்துக்குப் போதும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் தலையை நீட்டாதே என்று உனக்குப் பத்து வயதிலேயே சொல்லியிருக்கிறேன். மறுபடியும் சொல்கிறேன்.

இனித் தரை. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. வெறும் கார் நிற்க 4 அங்குலக் கான்கிரீட் தாங்கும். பின்னால் லிஃப்ட் வரப் போகிறது என்பதால் முழுத் தரையும் 5 அங்குலம் இருக்கட்டும். லிஃப்டின் தூண்கள் நிற்கப்போகும் இரண்டு இடங்களில் மட்டும் 4 அடிச் சதுரமாகத் தோண்டி ஓர் அடி கனத்துக்குப் போடச் சொல். அந்த இடங்களை வரைபடத்தில் இப்போதே குறித்து வை. கீழே கல்லையும் மண்ணையும் இயந்திரம் வைத்து இறுக்கி, அதன்மேல் கனமான பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டும். நம் ஊர் மண்ணில் ஈரம் கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். விரிப்பு இல்லாவிட்டால் நீ வாங்கி வைக்கும் ஸ்பானரெல்லாம் துருப்பிடிக்கும்.

கம்பி வலை போடும் நேரத்தில் நீ ஊரில் இரு. வேலையாட்கள் வலையைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அதன்மேல் கான்கிரீட்டைக் கொட்டுவார்கள்; கொட்டும்போது கொக்கியால் தூக்கிவிடுகிறோம் என்று வாயால் சொல்வார்கள். யாரும் தூக்குவதில்லை. கான்கிரீட்டுக்கு அடியில் மண்ணை ஒட்டிக் கிடக்கும் வலை யாருக்கும் பயன்படாது. முதலிலேயே சிறு சிறு சிமெண்டுக் கட்டிகளை முட்டுக்கொடுத்து வலையை உயர்த்தி வைத்த பிறகுதான் லோரி உள்ளே வர வேண்டும். கையால் கலந்து பகுதி பகுதியாகப் போடுகிறேன் என்று வேலையைக் குத்தகை எடுக்கும் தவுக்கே சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. நம் அளவுக்கு ஏறத்தாழ 7 கன மீட்டர்தான் ஆகிறது. ஆயத்தக் கலவையாக வாங்கி ஒரே மூச்சில் போட்டுவிடலாம்.

போட்ட மறுநாளே நீளவாக்கில் ஒன்றும் குறுக்குவாக்கில் ஒன்றுமாகக் கோடு அறுத்துவிட வேண்டும், கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு. கான்கிரீட் சுருங்கும்போது எப்படியும் வெடிக்கும். நாம் அறுத்த கோட்டிலேயே வெடிக்கட்டும். பிறகு ஒரு வாரம் ஈரச் சாக்கு மூடி வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு என்னுடையது. 28 நாள் கழித்துத்தான் அதற்கு முழு வலு என்று கணக்கு. அதற்கு முன் காரை ஏற்றுகிறேன் என்று வந்து நிற்காதே. தண்ணீர் வடிவதற்காகத் தரை முழுவதையும் சாய்க்கவும் வேண்டாம். ஸ்டாண்டு நிற்கும் இடம் மட்டமாக இருக்க வேண்டும். வாசலை ஒட்டிய 4 அடி மட்டும் வெளிப்பக்கம் சாய்ந்தால் போதும்.

காருக்கடியில் இறங்கி நின்று வேலை செய்யக் குழி வெட்டலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. தோட்டத்துப் பட்டறையில் குழி இருந்தது, உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதில் முழங்கால் அளவு தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம், நடுவில் தவளை. வாளி வாளியாக இறைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் நேராகக் குழிக்குள் இறங்கித் தங்கிவிடும். மேலே நிற்பவனுக்கு வாடைகூடத் தெரியாது. கீழே கைவிளக்கோடு இறங்குபவன் கதி என்ன? பழைய கார்களின் பெட்ரோல் குழாய் எந்த நிலையில் இருக்கும் என்பது உனக்கே தெரியும்.

அந்தப் பட்டறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் அது. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி விட்டு, கூரையை வெளியே நீட்டியிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்குத் தகரத்துக்கடியில் நின்றாலும் மூச்சு முட்டாது, சாய்ந்து அடிக்கும் மழையும் உள்ளே வராது. அதைச் செய்தால் உன் குளிர்சாதன அறைக்கு வேலையே இருக்காது. கூரைத் தகரத்துக்கு அடியில் வெப்பம் தடுக்கும் அலுமினியத் தாளும் போட்டுவிடு. கூரைச் சட்டத்தில் செயின் பிளாக் மாட்டி இஞ்சினைத் தூக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடு. அந்தச் சட்டம் தகரத்தைத் தாங்கத்தான் இருக்கிறது.

மின்சாரத்துக்குப் பதிவு பெற்ற வயர்மேனை வைத்துக்கொள். வெல்டிங்குக்கும் கம்ப்ரஸருக்கும் தனித்தனி இணைப்பு, கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான். கழித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதே. சட்டப்படி அது பட்டியலிடப்பட்ட கழிவு. கேனில் பிடித்து வை, எடுத்துப்போக ஆள் இருக்கிறது.

கொட்டகைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று உன் சித்தப்பா சொல்கிறார். அவர் அப்படித்தான் சொல்வார். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 70ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது. நாம் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் எல்லைக்குள் வருகிறோம். முறையாக வரைபடம் போட்டு அங்கே கொடுத்துவிடு. வேலியிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள். உன் சொந்தக் கார்களோடு நின்றுகொள். காசு வாங்கிக்கொண்டு ஊரார் காரைப் பார்க்கத் தொடங்கினால் அது தொழில், அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

இப்போது பணம். வங்கியில் 30,000 வெள்ளி தனிநபர் கடன் எடுத்து 7 ஆண்டுகளில் கட்டிவிடுகிறேன், வட்டி ஆறு விழுக்காடுதான் என்று எழுதியிருக்கிறாய். பொறியியல் படித்தவள், இந்த ஆறைக் கொஞ்சம் கழற்றிப் பார். அது நிலையான வட்டி. ஆண்டுக்கு 1,800 வீதம் ஏழாண்டுக்கு 12,600. மாதம் 507 வெள்ளி கட்டுவாய். நீ பாதிக் கடனை அடைத்த பிறகும் முழு 30,000க்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். குறைந்துவரும் பாக்கியின்மேல் கணக்குப் போட்டால் உண்மையில் நீ கொடுப்பது பத்தரை விழுக்காட்டைத் தொடும். பொழுதுபோக்குக்காக இவ்வளவு வட்டி கட்ட வேண்டுமா?

ஊழியர் சேமநிதியில் வீட்டுக்கென்று எடுக்கும் பணம் வீடு வாங்கவும் கட்டவும் வீட்டுக் கடனை அடைக்கவும்தான்; பட்டறைக்குக் கிடைக்காது. 2024 மே மாதம் புதிதாகத் தொடங்கிய நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், உண்மைதான். சேமநிதி 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு இலாப ஈவு கொடுத்தது. பத்தரைக்குக் கடன் வாங்குவதைவிட ஆறேகால் ஈட்டும் சொந்தப் பணத்தை எடுப்பது மலிவு என்பது வெறும் கணக்கு. ஆகையால் ஏதாவது இடிக்கும்போது அதைத் தொடு, முதல் நாளே தொடாதே. உன் தோழிகள் நடத்தும் கூட்டுச் சீட்டுக்குப் பணம் கட்டி முதல் சீட்டை எடுப்பதும் வேண்டாம்; 1971லேயே சட்டம் போட்டுத் தடை செய்த விவகாரம் அது, ஒருவர் ஓடிப்போனால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பாய்? அம்மா தன் வளையலைத் தருகிறேன் என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். வாங்காதே. வீட்டு நிலப் பத்திரமான கிராண்டையும் அடகுக்குத் தர மாட்டேன், இதில் பேச்சுக்கு இடமில்லை.

நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960இல் தோட்டங்களை வாங்குவதற்காக நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தாத்தா தவணை தவணையாகக் கட்டித்தான் பங்கு வாங்கினார். பால்மரம் வெட்டிய கூலியில் தோட்டத்தையே வாங்க முடிந்தது என்றால் உன் சம்பளத்தில் ஒரு பட்டறை கட்ட முடியாதா? அந்த 507 வெள்ளியோடு இன்னொரு 500 சேர்த்து மாதாமாதம் ஒதுக்கு. அனுமதி கிடைத்ததும் தரை. தரைக்கான பணம் என்னுடையது, மறுக்காதே. அடுத்து தூண்களும் கூரையும். கார்கள் நனையாமல் நின்றுவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு மின்சாரம், அதன் பிறகு சுவர். தவுக்கேயிடம் முன்பணத்தை அள்ளிக் கொடுக்காதே. ஒவ்வொரு கட்டமும் முடிய முடியக் கொடு. கடைசிப் பத்து விழுக்காட்டை ஒரு பெருமழை பெய்து, கூரை ஒழுகவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு கொடு.

அம்மாவுக்கு இரண்டு நிபந்தனைகள். துணி காயும் கொடிக்கு வெயில் மறையக் கூடாது. முருங்கையைத் தொடக் கூடாது. கொட்டகையை வேலிப் பக்கம் 6 அடி நகர்த்தினால் இரண்டும் தப்பும்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டுப் பக்கவாட்டு வழி 9 அடிதான். கான்கிரீட் லோரி எட்டடிக்கு மேல் இருக்கும். நேராக நுழைந்துவிடும், ஆனால் வளைவில் திரும்பாது. பக்கத்து வீட்டு பாக் சிக்கிடம் அவருடைய வேலியில் ஒரு பகுதியை ஒரு நாள் மட்டும் கழற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். ஆனால் நீ வந்ததும் முதல் வேலையாக அவருடைய கஞ்சில் காரின் கார்புரேட்டரைப் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். வரும்போது கேஸ்கெட் செட் ஒன்று பினாங்கிலிருந்தே வாங்கி வந்துவிடு, இங்கே கிடைப்பதில்லை.

அன்புடன்,
அப்பா