2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: எம்.எஸ். நோயில் புதியவையும் நம் ஊர் நடைமுறையும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மியர்பேங்க், வெருலம், டோங்காட் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் அங்கத்தினர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் எனும் எம்.எஸ்., அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட, பார்வை நரம்புகளைத் தாக்கும் நோயின் ஆராய்ச்சியும் சிகிச்சையும் இன்று எங்கே நிற்கின்றன, அதில் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இருப்பவருக்கு எது கைகொடுக்கும் என்பதே என் அறிக்கை.

இப்போது கிடைக்கும் மருந்துகள் புதிய தாக்குதல்களைத் தடுப்பதில் வலுவானவை. ஆனால் ஒருமுறை அறுந்துபோன நரம்பிழையை மீட்கும் மருந்து எதுவும் இன்னும் இல்லை. அதனால் முதல் அறிகுறிக்கும் முதல் மருந்துக்கும் நடுவே கழியும் மாதங்கள்தான் பிற்காலத்தில் ஒருவர் நடப்பாரா, தடி பிடிப்பாரா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. அந்த மாதங்களைக் குறைப்பதற்கே இந்த ஆண்டு சங்கம் தன் நேரத்தைச் செலவிட்டது.

நோயை உறுதிசெய்தல்

நம் மாகாணத்தில் எம்.எஸ். அரிது. 2007-ல் வெளியான குவாசுலு-நட்டால் ஆய்வின்படி வெள்ளையரிடம் அதிகம், அடுத்து இந்திய வம்சாவளியினரிடம், கறுப்பின மக்களிடம் மிகமிகக் குறைவு. அரிதாக இருப்பதாலேயே முதலில் பார்க்கும் மருத்துவருக்கு இது நினைவுக்கு வருவதில்லை. ஒரு கண் வலித்து மங்கினால் கண்ணாடி மாற்றச் சொல்வார்கள், கால் மரத்தால் சர்க்கரை நோய் என்பார்கள். கண்ணை அசைக்கும்போது வலித்து, நிறங்கள், முக்கியமாகச் சிவப்பு, வெளுத்துத் தெரிந்தால் அது பார்வை நரம்பு அழற்சியாக இருக்கலாம். கழுத்தைக் குனியும்போது முதுகு வழியாக மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு தண்டுவடப் பாதிப்பைக் காட்டும். இந்த இரண்டையும் கிளினிக்கில் மருத்துவரிடம் இதே சொற்களில் சொல்லும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அரசு மருத்துவமனை வழியே போகிறவர்களுக்கு சாட்ஸ்வர்த்தில் ஆர்.கே. கான், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனை, அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனை என்பதே பாதை. கடிதத்தில் அறிகுறி தொடங்கிய தேதியும், அது எத்தனை நாள் நீடித்தது என்பதும் இருந்தால் நரம்பியல் மருத்துவருக்கு வேலை பாதியாகும்.

எம்.எஸ். நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் பின்பற்றும் மெக்டொனால்ட் அளவுகோலின் 2024ஆம் ஆண்டுத் திருத்தம் 2025-ல் வெளிவந்தது. முன்பு மூளையில் மூன்று இடங்கள், தண்டுவடம் என்று நான்கு இடங்களையே கணக்கில் எடுத்தார்கள். இப்போது பார்வை நரம்பு ஐந்தாவது இடமாகச் சேர்ந்திருக்கிறது. ஐந்தில் நான்கு இடங்களில் எம்.எஸ்.ஸுக்கே உரிய வடுக்கள் இருந்தால், காலப்போக்கில் இன்னொரு வடு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எம்.ஆர்.ஐ.யில் வடுவின் நடுவே ஓடும் சிரை தெரிகிறதா என்று பார்ப்பதும் சேர்ந்தது. முதுகுத் தண்டு நீரில் ஒலிகோகுளோனல் பட்டைகள் எனும் எதிரணு அடையாளத்துக்கு ஈடாகக் கப்பா லைட் செயின் எனும் எதிரணுத் துண்டின் அளவையும் ஏற்றுக்கொண்டார்கள். நாள் கடத்தாமல் மருந்து தொடங்க இது வழிவிடுகிறது.

ஆனால் அவசரத்தில் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. எம்.எஸ். போலவே தோன்றும் வேறு நோய்கள் இங்கே அதிகம். நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா, சுருக்கமாக என்.எம்.ஓ., என்ற நோயும் பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும். ஆசியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் அதன் பங்கு கூடுதல். எம்.எஸ். என்று எண்ணி என்.எம்.ஓ. உள்ளவருக்கு எம்.எஸ். மருந்துகளான இன்டர்ஃபெரானோ, ஃபிங்கோலிமாடோ, நடாலிசுமாபோ கொடுத்தால் நோய் மோசமாகும். தண்டுவடத்தில் மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கு மேல் வடு இருந்தாலோ, விடாத விக்கலும் வாந்தியும் வந்தாலோ, இரண்டு கண்ணும் ஒன்றாகப் போனாலோ, அக்குவாபோரின்-4, எம்.ஓ.ஜி. ஆகிய இரண்டு எதிரணுச் சோதனைகளையும் கேட்டுப் பெறுங்கள். முடிந்தவரை உயிரணு வழிச் சோதனையாக இருக்கட்டும்; பழைய எலைசா முறையில் பிழை அதிகம்.

ஹெச்.டி.எல்.வி.-1 வைரஸ் கால்களை மெல்ல விறைக்கச் செய்வது நம் மாகாணத்தில் உண்டு. காசநோயும் சிஃபிலிஸும் ஹெச்.ஐ.வி.யும் தண்டுவடத்தைத் தாக்கும். இன்னொன்று நம் வீடுகளுக்கே உரியது: பி12 குறைபாடு. ஆண்டுக்கணக்கில் சைவம் மட்டுமே சாப்பிடுபவர், அதோடு சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் என்றால் தண்டுவடத்தின் பின்பகுதி கெட்டு எம்.எஸ். போலவே கால் மரத்துத் தள்ளாடும். புரட்டாசி மாதம் மட்டும் சைவமாக இருப்பதால் இது வராது. விலை குறைந்த பி12 ஊசிகளால் நிற்கக்கூடிய நோயை வருடக்கணக்கில் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறோம்.

மருந்து தொடங்குமுன்

வலுவான மருந்துகள் பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. காசநோய் மிகுந்த நாட்டில் வாழ்கிறோம். ஆகவே முதல் டோஸுக்கு முன்பே மார்பு எக்ஸ்ரே, மறைந்திருக்கும் காசநோய்க்கான ரத்தச் சோதனை, ஹெப்படைட்டிஸ் பி, ஹெச்.ஐ.வி., சின்னம்மை எதிரணு ஆகியவை முடிந்திருக்க வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி மறைந்திருக்கும் ஒருவருக்கு பி-செல் எனும் எதிர்ப்பு அணுக்களை அழிக்கும் ஓக்ரலிசுமாப், ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து போட்டால் கல்லீரலே செயலிழக்கலாம். ஓக்ரலிசுமாப் தொடங்குமுன், உயிருள்ள கிருமி சேர்ந்த தடுப்பூசிகள் குறைந்தது 4 வாரம் முன்பும், மற்றவை 2 வாரம் முன்பும் போடப்பட வேண்டும். சோதனைகளுக்கு அலைந்தே மாதம் போகிறது என்பது உறுப்பினர்களின் உண்மையான குறை. நோய் உறுதியாகும் நாளிலேயே எல்லாச் சோதனைக்கும் ஒரே தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் அந்தத் தாமதம் வராது.

மருந்து வரலாறு சுருக்கமாக: 1993-ல் இன்டர்ஃபெரான் பீட்டா-1பி, 1996-ல் கிளாட்டிராமர், 2010-ல் முதல் மாத்திரையான ஃபிங்கோலிமாட், 2017-ல் முதன்மை முற்போக்கு எம்.எஸ்.ஸுக்கும் (தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும் வகை) அனுமதி பெற்ற முதல் மருந்தான ஓக்ரலிசுமாப். இவையெல்லாம் அமெரிக்க அனுமதி ஆண்டுகள். ஓக்ரலிசுமாபின் முதல் டோஸ் 300 மி.கி. வீதம் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை. பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை 600 மி.கி. டிரிப். தோலுக்கடியில் சுமார் 10 நிமிடத்தில் செலுத்தும் 920 மி.கி. வடிவத்துக்கு 2024-ல் அங்கே அனுமதி கிடைத்தது. ஒஃபாட்டுமுமாப் 20 மி.கி. ஊசியை முதல் மூன்று வாரமும் வாரம் ஒன்றாகவும், ஒரு வாரம் விட்டு நான்காவது வாரத்திலிருந்து மாதம் ஒன்றாகவும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

விலையைப் பார்க்கும்போது நமக்கு மிக முக்கியமான செய்தி ரிட்டுக்சிமாப் பற்றியது. 2023 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்காக கிளாட்ரிபின், கிளாட்டிராமர், ரிட்டுக்சிமாப் மூன்றையும் சேர்த்தது. ஸ்வீடனில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், முதலில் 1000 மி.கி., பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை 500 மி.கி. ரிட்டுக்சிமாப் பெற்றவர்களில் இரண்டு ஆண்டில் தாக்குதல் வந்தது 3%. டைமெத்தில் ஃபியூமரேட் என்ற எம்.எஸ். மாத்திரை எடுத்தவர்களில் 16%. இந்த மருந்துக்குப் பல நிறுவனங்களின் பயோசிமிலர், அதாவது மூல மருந்தை ஒத்த தயாரிப்பு, இருப்பதால் விலை இறங்கியிருக்கிறது. எம்.எஸ்.ஸுக்கென்று உரிமம் பெறாத மருந்து என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மறுக்கும்போது, மருத்துவர் எழுதும் கடிதத்தில் இந்தப் பட்டியலைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

மெடிக்கல் எய்டு எனும் தனியார் மருத்துவத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு: எம்.எஸ். கட்டாயக் குறைந்தபட்சச் சலுகைகளில் வரும் நாட்பட்ட நோய்ப் பட்டியலில் உள்ளது. விண்ணப்பத்தில் ஜி35 என்ற குறியீடு, நரம்பியல் மருத்துவரின் கையொப்பம், எம்.ஆர்.ஐ. அறிக்கை மூன்றும் வேண்டும். ‘எங்கள் மருந்துப் பட்டியலில் இல்லை’ என்று பதில் வந்தால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். பட்டியல் மருந்து பலன் தரவில்லை அல்லது தீங்கு செய்கிறது என்றால் விதிவிலக்கு அளிக்க வேண்டும் என்று மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின் 15ஹெச், 15ஐ விதிகள் சொல்கின்றன. மருந்து எடுத்த தேதிகள், அந்தக் காலத்தில் வந்த தாக்குதல்கள், புதிய எம்.ஆர்.ஐ. வடுக்கள் ஆகியவற்றை வரிசையாக எழுதி மேல்முறையீடு செய்யுங்கள். அதுவும் தோற்றால் இத்திட்டங்களை மேற்பார்வையிடும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸ் இருக்கிறது. கடிதம் எழுதச் சங்கம் உதவும்.

வீட்டில் கெடுபவை

ஊசி மருந்துகளுக்கு 2 முதல் 8 பாகை வரை வேண்டும். குளிர்பெட்டியின் பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்த கிளாட்டிராமரோ இன்டர்ஃபெரானோ உருகிய பின்னும் உதவாது, எறிய வேண்டியதுதான். மின்சாரம் நின்றால் குளிர்பெட்டியைத் திறக்காதீர்கள். கூலர் பெட்டியில் வைப்பதாக இருந்தால் பனிக்கட்டிப் பையை ஒரு துண்டில் சுற்றி, மருந்து அதைத் தொடாமல் வையுங்கள். கிளாட்டிராமர் 25 பாகைக்குள் ஒரு மாதம்வரை வெளியே தாங்கும். டர்பனில் ஜனவரி மாதத்து அறை அதைவிடச் சூடு என்பதை மறக்க வேண்டாம். போடுவதற்கு 20 நிமிடம் முன் எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும். ஒரே இடத்தில் போட்டால் தோலுக்கடியில் கொழுப்பு கரைந்து நிரந்தரக் குழி விழும்; இடம் மாற்றிக்கொண்டே வரவும். கிளாட்டிராமருக்கு 2025 ஜனவரியில் அமெரிக்க ஒழுங்காணையம் கடும் ஒவ்வாமை பற்றி மிக உயர்ந்த எச்சரிக்கை கொடுத்தது. பல ஆண்டு போட்டவருக்கும் வரலாம். ஊசி போட்டதும் வழக்கமாக வரும் முகச் சிவப்பும் நெஞ்சு இறுக்கமும் சிறிது நேரத்தில் அடங்கும். அடங்காமல் கூடினால், மூச்சு திணறினால், உடனே அவசரப் பிரிவு.

டைமெத்தில் ஃபியூமரேட்டை வெறும் வயிற்றில் எடுத்தால் முகம் கொதிக்கும், வயிறு பிசையும். விரதம் இருப்பவர்கள் வேர்க்கடலை வெண்ணெய், தயிர் போன்ற ஏதாவது கொழுப்போடு சேர்த்து எடுங்கள். லிம்ஃபோசைட் எனும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையை 3 மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஃபிங்கோலிமாடை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்திய சில வாரங்களில் முன்பைவிடக் கொடிய தாக்குதல் வரலாம். தசை விறைப்புக்கு எடுக்கும் பேக்லோஃபெனையும் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். டெரிஃப்ளுனோமைட் என்ற எம்.எஸ். மாத்திரை எடுக்கும் பெண்கள் கர்ப்பம் தரிக்க எண்ணினால், கொலஸ்டிரமின் 8 கிராம் நாளுக்கு மூன்று முறை 11 நாள் எடுத்து மருந்தை உடலிலிருந்து வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது ஈராண்டுவரைகூடத் தங்கும்.

புதிய தாக்குதல் என்பது 24 மணி நேரத்துக்கு மேல், காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் நிற்கும் அறிகுறி. கால் திடீரென்று தளர்ந்தால் முதலில் சிறுநீரைச் சோதியுங்கள். சிறுநீர்த் தொற்றில் பழைய அறிகுறிகள் தலைதூக்கும். அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தால் தொற்றுதான் வளரும். உண்மையான தாக்குதல் என்றால் மெதில்பிரெட்னிசலோன் நாளுக்கு 1 கிராம், 3 முதல் 5 நாள். மாத்திரையாக அதே அளவு எடுத்தாலும் டிரிப்புக்குக் குறைந்ததில்லை என்று 2015-ல் வந்த பிரெஞ்சு ஆய்வு காட்டியது. படுக்கை கிடைக்காத வாரத்தில் இது பெரிய உதவி. சர்க்கரை நோயாளிகள் அந்த நாட்களில் குளுக்கோஸை அடிக்கடி பாருங்கள்.

தைப்பூசக் காவடியும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் குட் ஃப்ரைடே தீமிதியும் நம் உறுப்பினர்களுக்கு மனதுக்கு நெருக்கமானவை. உடல் வெப்பம் அரைப் பாகை கூடினாலே மைலின் உறை தேய்ந்த நரம்பில் செய்தி தடைப்படும். பார்வை மங்கும், கால் மடங்கும். குளிர்ந்ததும் திரும்பிவிடும், நோய் கூடியதாக ஆகாது. காவடி எடுப்பவர் கழுத்தில் ஈரத்துண்டு கட்டி, குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகப் பருகி, அதிகாலைக் காவடியில் சேர்ந்துகொள்ளலாம். தீமிதியைப் பற்றிச் சொல்லும்போது நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை: பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுட்டது தெரியாது. வேறு நேர்த்திக்கடனைத் தேர்ந்தெடுக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

ஆராய்ச்சி

2022 ஜனவரியில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் ரத்தப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். அபாயம் 32 மடங்கு கூடுவதாகக் கண்டார்கள். பெரியவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் அந்த வைரஸ் உண்டு. அது மட்டுமே போதாது. தடுப்பூசி இன்னும் எதுவும் உரிமம் பெறவில்லை.

தாக்குதல் இல்லாமலே உள்ளுக்குள் புகைந்து நடையைக் குறைக்கும் நிலைக்கு மருந்து தேடுவதுதான் இப்போதைய பெரும் முயற்சி. டோலிபுருட்டினிப் என்ற மாத்திரை 2025-ல் வெளியான ஆய்வில், தாக்குதல் நின்றுபோய் மெல்ல மெல்லக் கூடும் இரண்டாம் நிலை முற்போக்கு எம்.எஸ்.ஸில் ஊனம் கூடும் அபாயத்தை 31% குறைத்தது. ஊனம் கூடியது இதை எடுத்தவர்களில் 22.6%, மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 30.7%. முதல் 90 நாளில் சிலருக்குக் கல்லீரல் மிகவும் கெட்டது. தாக்குதல்களைக் குறைப்பதில் டெரிஃப்ளுனோமைடை இது மிஞ்சவில்லை. அதே வகையைச் சேர்ந்த எவோபுருட்டினிப் 2023 இறுதியில் தோற்றது. நம்பிக்கைக்கு இடமுண்டு, கையிலிருக்கும் மருந்தை நிறுத்திக் காத்திருக்க இடமில்லை.

சிம்வாஸ்டாட்டின் 80 மி.கி. முற்போக்கு எம்.எஸ்.ஸை மெதுவாக்கவில்லை. வைட்டமின் டி பற்றி இரண்டு பக்கமும் ஆய்வுகள் உண்டு. ஏற்கெனவே கிளாட்டிராமர் எடுப்பவர்களுக்கு அதிக அளவு சேர்த்தும் பலனில்லை என்றது 2023 ஆய்வு. முதல் அறிகுறியிலேயே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,00,000 அலகு கொடுத்த பிரெஞ்சு ஆய்வில், நோய் மீண்டும் தலைகாட்டியது 60.3%, கொடுக்காதவர்களில் 74.1%, வேறுபாடு முக்கியமாக எம்.ஆர்.ஐ.யில்தான். அளவைச் சோதித்துக் குறைவை நிரப்புங்கள், மருந்துக்குப் பதிலாக எண்ணாதீர்கள்.

ஸ்டெம் செல் என்று விளம்பரம் செய்யும் வணிகக் கிளினிக்குகள் பற்றிப் பலர் கேட்டார்கள். ஆய்வுகளில் பலன் தந்தது, கீமோதெரபியால் நோய் எதிர்ப்பு அணுக்களை அழித்துவிட்டுத் தன் ரத்த மூல அணுக்களைத் திருப்பி ஏற்றும் மருத்துவமனைச் சிகிச்சை. அதுவும் இளம் வயதில், தாக்குதல் அடிக்கடி வருபவருக்கு. கொழுப்பிலிருந்து அணு எடுத்து ஊசி போடுவது அதுவல்ல. பணம் கட்டுமுன் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வரும் ஆண்டு

மே 30 உலக எம்.எஸ். தினத்தன்று கிளினிக் செவிலியருக்கும் கண்ணாடிக் கடைக்காரருக்கும் பார்வை நரம்பு அழற்சி பற்றிய தமிழ், ஆங்கில, சுலு அட்டைகள் கொடுக்கச் செயற்குழு முன்மொழிகிறது. மருந்துக்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளின் ஒற்றைத் தாளும் அச்சுக்குத் தயார். புதிதாக நோய் தெரியவந்தவருக்கு அதே நிலையைக் கடந்த ஓர் அங்கத்தினரைத் துணையாக இணைக்கும் ஏற்பாட்டுக்கு, மியர்பேங்கிலும் டோங்காட்டிலும் இருந்து இன்னும் பெயர்கள் தேவை. விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொடுக்கலாம். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்