ஈரல் புதுசு, குடல் பழசு

குழித்துறை
ஐப்பசி, அடைமழை

அன்புள்ள தாஸ்,

கையெழுத்து கோணிக் கிடக்கிறதே என்று பயப்படாதே. விரல் நடுங்குகிறது, மாற்றி வைத்த ஈரலை உடம்பு தள்ளாமலிருக்க நான் விழுங்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் கைங்கரியம். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் வாயைக் கட்டாமல் சாப்பிட்டேன். மூணு நாள் வயிற்றோட்டம். மருந்தும் சேர்ந்து போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். ரத்தத்தில் பார்த்தால் அளவு ஏறிக் கிடக்கிறது! அந்த மருந்தில் ஒரு பங்கைக் குடல் சுவரே உடைத்துவிடுமாம். சுவர் புண்ணானதும் அந்த வேலை நின்று, வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்தில் ஏறிவிட்டது. டோஸைக் குறைத்திருக்கிறார்கள்.

"ஈரலைத்தான் மாத்தியாச்சே மக்கா, இன்னும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஏன் அழுகே?" என்று கேட்டிருந்தாய். ஈரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் வெயின் என்ற ரத்தக் குழாய் வழியாக வருவது. நம்ம களியக்காவிளை செக்போஸ்ட்டை நினைத்துக்கொள். எல்லா லாரியையும் மடக்கினால் ரோடு அடைபடும், ஒன்றையும் பார்க்காமல் விட்டால் கடத்தல்காரனுக்குக் கொண்டாட்டம். ஈரலில் அந்தக் காவல் குப்ஃபர் செல்களுக்கு. சாப்பாட்டுத் துணுக்கும் பாக்டீரியாத் துகளும் ஓயாமல் வந்து பழகியதால் ஈரலுக்கென்று ஒரு பொறுமை உண்டு. கிட்னியைவிட ஈரலை உடம்பு லேசில் ஏற்றுக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

வயிற்றின் மேல் எனக்கு மரியாதை வந்தது ஆபரேஷனுக்கு முந்தின வருஷம். மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ் எது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் நின்றேன். நாற்பது வருஷம் ஏறின பஸ். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தேனாம். "காலையிலேயே ஏத்திக்கிட்டான்" என்று யாரோ சொன்னது மட்டும் காதில் இருக்கிறது. நான் தொட்டதில்லை என்பது உனக்குத் தெரியும், என்னைக் கெடுத்தது சர்க்கரையும் கொழுப்பு ஈரலும். குடல் பாக்டீரியா உண்டாக்கும் அம்மோனியாவைக் கழிக்க ஈரலுக்குத் திராணி இல்லாமல் அது மூளைக்கு ஏறியிருக்கிறது. வைத்தியம், லாக்டுலோஸ் என்று ஒரு தித்திப்புத் தண்ணி, நாளைக்கு ரெண்டு மூணு தடவை வெளிக்குப் போகிற அளவுக்கு. புத்தி பேதலித்தவனுக்குப் பேதி மருந்து! நாலு நாளில் தெளிந்தேன்.

இப்போது ஈரல் முகம் தெரியாத ஒரு புண்ணியவானுடையது. குடலில் குடியிருக்கும் கூட்டம் என்னுடையது, அதுவும் சிரோசிஸ் என்ற ஈரல் இறுகும் நோயிலும் ஆன்டிபயாடிக்கிலும் அடிபட்ட கூட்டம். நார்ச்சத்தைத் தின்று பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகிற பாக்டீரியா இனங்கள் தழைத்தால் குடல் சுவர் இறுகும், வேகம் பிடித்த எதிர்ப்புச் செல்களை அடக்கும் செல்களும் பெருகும். அவை குறைந்தால் சுவர் கசிந்து வேண்டாத சரக்கெல்லாம் செக்போஸ்டுக்கு வரும், காவல் மிரளும். மாற்று ஈரலை உடம்பு தள்ளுவதில் இதற்கு எவ்வளவு பங்கு என்பதை அதிகமும் எலிகளில்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே நீ கொடுத்தனுப்பின புரோபயாடிக் டப்பாவை நான் பிரிக்கவில்லை, கோபப்படாதே. எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கிறவனுக்கு நல்ல பாக்டீரியாவும் ரத்தத்தில் இறங்கினால் வம்பு. டாக்டர் கையால் தடுத்துவிட்டார்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இந்த டாக்ரோலிமஸே 1984இல் ஜப்பானின் சுகுபா மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவின் சரக்கு. நம் குடலில் வாழும் இன்னொரு பாக்டீரியா அதையே உடைத்து வலுவில்லாமல் ஆக்குமாம். ரெண்டுக்கும் நடுவில் நான்.

பழங்கஞ்சிக்குத் தடை. மட்டிப்பழம் கழுவி உரித்தால் உண்டு. கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது மரச்சீனியும் சாளைக்கறியும் கொதிக்கக் கொதிக்க நம் வீட்டில்தான், ஓட்டல் பேச்சை எடுக்காதே. சட்டினியை நீ தனியாகச் சாப்பிடு, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன்,
மணியன்