ஒலிம்பியா பிரவுன் குருப்பட்டம் பெற்ற விதம்

அன்பு மகளுக்கு,

சபை போதகராக ஊழியம் செய்யக் குருப்பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முன், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண் போதகர் ஒலிம்பியா பிரவுனின் வாழ்க்கையைப் படித்துவிடு. கடவுள் கடைசியில் எல்லோரையும் மீட்பார் என்று நம்பிய யூனிவர்சலிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவு அவருடையது. அவ்வளவு தாராளமான பிரிவிலும் பெண்ணென்றால் தயக்கம்தான்.

நியூயார்க் மாநிலத்தின் கேன்டன் ஊரிலிருந்த இறையியல் பள்ளிக்கு எழுதிக் கேட்டார். தலைவர் எபனேசர் ஃபிஷர், "சேர்த்துக்கொள்வோம்; ஆனால் பெண்களுக்கு ஊழிய அழைப்பு உண்டென்று நான் நினைக்கவில்லை" என்ற பொருளில் பதில் போட்டார். கடிதத்தைப் பார்த்தே பின்வாங்கிவிடுவார் என்பது அவர் கணக்கு. ஒலிம்பியா முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு 1861-இல் போய்ச் சேர்ந்தார்!

பட்டம் யார் கையால் வருகிறது என்பதை நன்றாகக் கவனி. 1853-இல் ஆன்டனெட் பிரவுன் என்ற வேறொரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது சவுத் பட்லர் என்ற சிற்றூரின் ஒரே ஒரு சபை. அவருக்குப் பின்னால் நிற்க அதற்கு மேல் எந்த அமைப்பும் இல்லை, ஓராண்டிலேயே விலகினார். ஒலிம்பியா, வட்டாரச் சபைகளின் சங்கத்தின் முன் நேரில் நின்று வாதாடினார். 1863 ஜூன் 25-இல் மலோன் ஊரில் பட்டம் கிடைத்தது. ஃபிஷரும் அந்தச் சடங்கில் பங்கெடுத்தார். பட்டத்தைக் கொடுத்தது சங்கம் என்பதால் ஒரு சபை மனம் மாறினாலும் அது செல்லும்.

வசதியான சபைகளில் எல்லாம் ஆண்கள் இருந்தார்கள். இவருக்கு வந்தவை நொடித்துப்போனவை: வேமத், பிரிட்ஜ்போர்ட், 1878-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன். ரசீன் சபையை அவர் தூக்கி நிறுத்தினார். பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் அந்தோணி போன்றவர்களை அங்கே பேச அழைத்ததும் அவர்தான். 1873-இல் திருமணமானபின் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டேதான் ஊழியம்.

அவர் தோற்ற இடத்தையும் பார். பள்ளி விவகாரங்கள் சார்ந்த தேர்தலில் பெண்கள் வாக்களிக்கலாம் என்று 1886-இல் விஸ்கான்சின் ஒப்புக்கொண்டது. பள்ளிப் பதவிகளும் நகராட்சித் தேர்தலோடு சேர்ந்தே வருவதால் மேயருக்கும் வாக்களிக்கலாம் என்று வாதாடி 1887-இல் ஒலிம்பியா வாக்குச்சீட்டை நீட்டினார். அதிகாரிகள் வாங்கவில்லை. வழக்குப் போட்டுக் கீழ் நீதிமன்றத்தில் வென்றார். 1888-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கி, பள்ளிப் பதவிகளுக்கு மட்டுமே வாக்கு என்றது. ஆனால் பள்ளிப் பதவிகளுக்குத் தனி வாக்குச்சீட்டோ தனி வாக்குப்பெட்டியோ கிடையாது. ஆகவே கையிலிருந்த உரிமையும் முடங்கிப்போயிற்று. தனிச் சீட்டுக்குச் சட்டம் வர 1901 ஆயிற்று. சட்டம் எழுதியவர்கள் பெட்டியைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அன்புடன்,
அப்பா