தாத்தா துண்டில் முடிந்து வந்த விதை

நல்லேப்பிள்ளி, பாலக்காடு மாவட்டம்,
ஞாயிறு மதியம்

கண்ணு செந்திலுக்கு,

போனில் நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள் உனக்கு அடுத்த மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

"வருமானம் இல்லாத துறையை மூடினால் என்னப்பா? கவர்மென்ட் யுனிவர்சிட்டியும் தன் செலவைத் தானே பார்த்துக்கட்டுமே" என்றாய். அன்றைக்கு எனக்கு வாய் அடைத்துப் போய்விட்டது.

நம் வயலில் போடுகிற ஜோதி நெல் எங்கே பிறந்தது தெரியுமா? பட்டாம்பியில். மலபார் மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தபோது, 1927-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் அது. பிற்பாடு கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. தெக்கன் சீரா என்கிற நம்மூர் நெல்லையும், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐ.ஆர்.8-ஐயும் சேர்த்து எடுத்த ரகம்தான் ஜோதி. 1974-ல் வெளியிட்டார்கள். சிவப்பரிசி, ஏறக்குறைய நாலு மாதத்தில் அறுப்பு.

உன் தாத்தா அதைக் கடையில் வாங்கவில்லை. மேட்டு வீட்டு மாமாவிடம் அரைப் பறை விதை அளந்து வாங்கி, தோள் துண்டில் முடிந்துகொண்டு வந்தார். அறுப்பு முடிந்ததும் அரைப் பறை திருப்பி அளந்தார். கணக்கு முடிந்தது. நெல் தன் பூவிலேயே தான் சூல் கொள்கிற பயிர். நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்தால் அடுத்த வருஷமும் ஜோதிதான் முளைக்கும். வீரிய ஒட்டு ரகம் என்றால் வருஷா வருஷம் கடை வாசலில் நிற்க வேண்டும். ஒரு தடவை விற்றால் இப்படித் தோள் துண்டிலேயே ஊரெல்லாம் பரவிவிடுகிற சரக்குக்கு, வருஷக்கணக்கில் சம்பளம் கொடுத்து எந்த முதலாளி ஆள் வைப்பான்? அந்த வேலையின் லாபம் பல்கலைக்கழகப் பேரேட்டில் ஏறவில்லை, நம் நெல் பத்தாயத்தில் ஏறியது.

போன ஐப்பசியில் அந்த வேளாண் பல்கலைக்கழகத்து மாணவி ஒருத்தி நம் வயலுக்கு வந்தாள். சதுரச் சட்டத்தைப் பயிருக்கு நடுவே வைத்து, முழங்கால் சேற்றில் குனிந்து தூர் எண்ணினாள். முடித்துவிட்டு மறுபடி எண்ணினாள். எதுக்கம்மா என்றேன். "ரெண்டு தடவையும் ஒண்ணா வரலை தாத்தா" என்று மூன்றாம் தடவை ஆரம்பித்தாள். அம்மா வைத்த மோர் வரப்பிலேயே சூடேறிக் கிடந்தது.

நீ படித்த சித்தூர் அரசுக் கல்லூரியையே எடுத்துக்கொள். சோகநாசினி ஆற்றங்கரையில் 1947-லிருந்து நிற்கிறது, இப்போது கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ். அங்கே தமிழ்த் துறை இருக்கிறது. மலையாள நாட்டில் தமிழ் படிக்க எத்தனை பேர் வரப்போகிறார்கள்? உன் கணக்குப்படி முதலில் மூட வேண்டியது அதைத்தான். அப்புறம் இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாத்தியார் எங்கிருந்து வருவார்? உனக்கு அ, ஆ எழுதக் கை பிடித்த டீச்சர் அங்கே படித்தவர்.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. உன் அக்கா ஒரு பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் வாங்க எட்டு மாதம் அலைந்தாள். போகும்போதெல்லாம் வேறு ஜன்னலைக் காட்டினார்கள். அதைத் திட்டு, நானும் கூட நின்று திட்டுகிறேன்.

சரி, நாளைக்கு விதை ஊற வைக்கணும். அம்மா பத்துக் கிலோ மட்டை அரிசி பார்சல் போட்டிருக்கிறாள், ஜோதிதான். வந்ததும் பிரித்து வெயிலில் ஒருதரம் காட்டு, வண்டு வரும்.

அப்பா