ஸ்டூல் வந்தது, உட்காரத்தான் முடியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மகளிர் தினத்தன்று தங்கள் நாளிதழில் வந்த சிறப்புப் பக்கங்களை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் நுழைந்தவள் அன்று முதல்தடவை உட்கார்ந்ததே அப்போதுதான். காலையில் ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்தார்கள். குறை சொல்லவில்லை, நல்ல பூ.

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் 17 வருடமாகப் பட்டுச் சேலைப் பிரிவில் இருக்கிறேன். கடைகள் நிறுவனங்கள் சட்டத்தை 2021 செப்டம்பரில் திருத்தி, வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று நம் சட்டமன்றம் சொன்னது. எங்கள் மாடிக்கும் ஸ்டூல் வந்தது. நாங்கள் 14 பேர், ஸ்டூல் மூன்று. ஒன்றின் மேல் சேலைப் பெட்டிகள் இருக்கின்றன. இன்னொன்று சாமி படத்துக்கு மாலை போட ஏறுவதற்கு. மூன்றாவதில் சூப்பர்வைசர்.

உட்காரக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. கேமராவில் பார்த்துவிட்டுக் கீழே இருந்து போன் வரும்: "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" அவ்வளவுதான். மாதக் கடைசியில் இன்சென்டிவ் குறைந்திருக்கும். அதனால் கீழ்த்தட்டில் சேலை அடுக்குவது போல இரண்டு நிமிடம் குத்தவைத்து உட்கார்ந்துகொள்வோம். ஒரே சேலையை நாலு தரம் மடிப்போம். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருப்பது எங்களில் பலருக்கு உண்டு. கழிவறை மொட்டைமாடியில் என்பதால் தண்ணீரும் பாதிதான் குடிப்பது.

என் அப்பாவும் ஜவுளிக்கடைதான். அப்போது வெள்ளைத் துணி விரித்த மெத்தை இருக்கும். வாங்க வந்தவர்களும் உட்காருவார்கள், அப்பாவும் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் சேலையை விரித்துக் காட்டுவார். அதை மரியாதைக் குறைவு என்று யாரும் நினைத்ததில்லை. மெத்தை போய் கவுன்டர் வந்து, ஆண்கள் இருந்த இடத்தில் குறைந்த சம்பளத்துக்கு எங்களை நிறுத்தியபிறகுதான், விற்கிறவர் உட்கார்ந்தால் கடைக்கு லட்சணமில்லை என்றானது.

இந்தச் சட்டம் யாரோ மனமிரங்கிக் கொடுத்தது போலப் பேசுவதைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களைத் தையல் வேலை பார்த்த விஜி என்பவர் திரட்டினார். 'பெண்கூட்டு' என்று பெயர் வைத்து முதலில் கழிவறைக்காகப் போராடினார்கள், அப்புறம் நாற்காலிக்காக. பெரிய சங்கங்கள் கண்டுகொள்ளவில்லை என்று தனிச் சங்கமே ஆரம்பித்தார்கள். 2014 டிசம்பர் கடைசியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வெளியே பெண்கள் உட்கார்ந்தே போராடினார்கள். உட்காருவதற்காக உட்கார்ந்தார்கள்! 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. மூன்று வருடம் கழித்து நமக்கும் வந்தது. அவர்கள் வெயிலில் உட்கார்ந்ததற்குத்தான் எங்கள் மாடிக்கு மூன்று ஸ்டூல் வந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எனக்குப் புதுச் சட்டம் வேண்டாம். தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒருநாள் மாலை 7 மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் வரட்டும். ஸ்டூலை எண்ண வேண்டாம், அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கட்டும். தயவுசெய்து சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது "உட்கார விடுறாங்களாம்மா?" என்று எங்களிடம் கேட்க வேண்டாம். விடுகிறார்கள் என்றுதான் சொல்வோம்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒன்று. போன வாரம் ஓர் அம்மா, மெத்தென்ற நாற்காலியில் இருந்தபடியே, அலமாரியில் சாய்ந்து நின்ற என்னைப் பார்த்து "நேரா நிக்கக்கூட மாட்டேங்கிறாங்க" என்றார். 42 சேலை பிரித்துக் காட்டியிருந்தேன். ஒன்றும் எடுக்கவில்லை.

பெயரை வெளியிட வேண்டாம். மகளுக்கு காலேஜ் பீஸ் கட்ட வேண்டியிருக்கிறது.

ஜவுளிக்கடைத் தொழிலாளி,
மதுரை